முட்டைக்கு ஊசி கேட்டு வராதீர்கள்

முட்டை வைக்க ஊசி என்று ஒன்று கிடையாது. காரைக்குடியைச் சுற்றிக் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போன வாரமும் பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் இரண்டு பெட்டைகளைக் காலைக் கட்டித் தூக்கி வந்துவிட்டார். "ஒரு மாதமாக முட்டை இல்லை டாக்டர். ஊசி போடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குழம்புதான்." பிடித்துப் பார்த்தால் இரண்டுமே முட்டை வைத்துக்கொண்டிருக்கும் கோழிகள். ஒன்றின் வயிற்றில், மறுநாள் வைக்கவேண்டிய முட்டை கைக்குத் தட்டுப்பட்டது.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் வேண்டாம். எச்சத் துவாரத்தின் இரு பக்கமும் மெல்லிய எலும்பு முனைகள் இருக்கும். அவற்றின் நடுவே இரண்டு விரல் தாராளமாக அடங்கி, துவாரமும் ஈரமாக அகன்றிருந்தால் அந்தக் கோழி எங்கோ முட்டை வைக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லாமல் துவாரம் வறண்டு சுருங்கியிருந்தால்தான் நிறுத்தியிருக்கிறது. அப்போதும் பதறாதீர்கள். நாட்டுக்கோழி 12, 15 முட்டை வைத்ததும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சு மேய்ப்பது என்று இரண்டு மூன்று மாதம் போய்விடும். இறகு உதிர்க்கும்போதும் முட்டை இருக்காது. இதெல்லாம் நோயா? கால்சியம் டானிக் முட்டை ஓட்டுக்கு உதவும். முட்டை வைக்காத கோழியை வைக்கச் செய்யாது. சேவல் இல்லாததும் காரணமல்ல. முட்டைக்குப் பெட்டை போதும், குஞ்சுக்குத்தான் சேவல். இதை நம்ப வைப்பதற்குள் அடுத்த மாடு வந்துவிடுகிறது.

முட்டை எங்கே போகிறது? நம் ஊர்களில் ஒளிய இடமா இல்லை? பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு, விறகு அடுக்கு, வைக்கோல் போர், சீமைக் கருவேலப் புதர். கோழிக்கு வேண்டியது இருட்டு, மறைவு, மெத்தென்ற தரை. நீங்கள் வைத்திருப்பது வெயிலில் காயும் தகர டப்பா, அதில் பழைய சாக்கு, சாக்கின் மேல் எச்சம். நானே கோழியாக இருந்தாலும் அதில் உட்கார மாட்டேன்.

முட்டை வைக்கும் பெட்டி ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் போதும். நான்கைந்து கோழிக்கு ஒன்று; கூடுதலாக வைத்தாலும் பாதி நேரம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும். கொட்டகையின் இருண்ட மூலையில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். இரவில் அடையும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி அசிங்கம் செய்யும். உமிக்குப் பஞ்சமில்லை, புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. உமியைப் பரப்பி மேலே வைக்கோல் போடுங்கள். பெட்டியின் வாசலில் நான்கு விரல் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு வேண்டும். உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டுவையுங்கள், சிரிக்காதீர்கள். முட்டை இருக்கும் இடத்தில்தான் கோழி முட்டை வைக்க விரும்பும்.

இத்தனை செய்தும் பெட்டியை ஒதுக்குகிறதா? இரவில் டார்ச் அடித்துப் பலகை இடுக்குகளைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது இரத்தம் குடிக்கும் உண்ணி. பகலில் ஒளிந்திருக்கும், ஆகவே யார் கண்ணிலும் படாது. வைக்கோலை எரித்து, பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள். பூச்சிமருந்தை நீங்களாகத் தெளிக்காதீர்கள். அதற்கு மட்டும் என்னிடம் வரலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடாதீர்கள். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டை வைத்துவிடும். பத்து நாளுக்கு, காலை பத்து பதினொரு மணி வரை உள்ளேயே இருக்கட்டும். தண்ணீர், தீனி, காற்றோட்டம் அவசியம். நம் பாட்டிமார் காலையில் விரல் விட்டு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, கோழியைப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்துவைத்ததும் இதற்குத்தான். விரல் விட்டுப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து நகம் வெட்டிக் கை கழுவிக்கொள்ளுங்கள்.

ஒளித்துவைத்த முட்டைகள் கிடைத்தால் முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை முள் வைத்து அடைத்துவிடுங்கள். தண்ணீரில் மிதப்பதைத் தூர எறியுங்கள். வைக்கோல் போருக்குள் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பாருங்கள், முட்டை தேடிப் பாம்பும் வரும். கடித்துவிட்டால் நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், என்னிடம் அல்ல.