காதைக் கொஞ்சம் சும்மா விடுங்க

காது குடையுறது சுகம்தான், இல்லன்னு சொல்லல. பட்ஸை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனா கண்ணு தானா சொக்கும். மூளையில இருந்து தொண்டை, நெஞ்சு வழியா போற வேகஸ் நரம்போட கிளை ஒண்ணு காதுக்குள்ளயும் வருது, அதனாலதான் சிலருக்கு காதை நோண்டுனா இருமல்கூட வரும். காது மூக்கு தொண்டை டாக்டரா ஓபில உக்காந்து பாத்தவரைக்கும் பட்ஸாவது பரவால்லங்குற ரகம். பைக் சாவி, ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, பேனா மூடி, ஊர்ப்பக்கத்துப் பெருசுங்கன்னா கோழி இறகு. டோக்கன் வாங்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே சாவியால குடைஞ்சிட்டு இருப்பாங்க, உள்ள வந்து "காது வலிக்குது டாக்டர், எதனாலன்னே தெரியல".

காதுல இருக்குற குறும்பி அழுக்கு இல்லைங்க. உடம்பு வேணும்னே சுரக்குறது அது. லேசா அமிலத் தன்மை இருக்குறதால கிருமி வளர விடாது, தண்ணி ஊறவிடாது, தூசியப் பிடிச்சு வைக்கும். அது சுரக்குறதும் வெளிப்பக்க மூணுல ஒரு பங்குல மட்டும்தான். செவிப்பறையில இருந்து தோல் மெதுவா வெளிப்பக்கமா நகர்ந்துட்டே இருக்கும், நாம மெல்லுறப்ப பேசுறப்ப தாடை அசையுறதும் சேர்ந்து பழைய குறும்பிய தானா வெளிய கொண்டாந்துடும். பெரும்பாலானவங்களுக்கு நாம செய்ய வேண்டிய வேலைனு எதுவுமே கெடையாது, குளிச்சிட்டு துண்டு நுனியால வெளிக்காதை துடைச்சா போதும்.

பட்ஸ் நுனியில கொஞ்சம் மஞ்சளா ஒட்டிட்டு வந்ததும் ஆஹா சுத்தமாயிடுச்சுனு ஒரு திருப்தி வருது பாருங்க, அங்கதான் ஏமாறுறோம். வந்தது கொஞ்சூண்டு, உள்ள தள்ளி அமுக்குனது நிறைய. அந்தக் குழாய் மொத்தமே ரெண்டரை சென்டிமீட்டர் நீளம்தான், அது முடியுற இடத்துல செவிப்பறை. அப்படி அமுங்கிக் கெடக்குறது ஒருநாள் தலைக்கு ஊத்தும்போது தண்ணி பட்டு ஊதிக்கும், காது கப்புனு அடைச்சிக்கும். பட்ஸ் டப்பாவ திருப்பிப் பாருங்க, காதுக்குள்ள விடாதீங்கனு நிறைய கம்பெனி அவங்களே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க.

குடையக் குடைய தோல் காய்ஞ்சு கீறல் விழும், அதனால இன்னும் அரிக்கும், அரிக்குதுனு மறுபடி குடைவீங்க. இதுல மழைக்காலம் வேற வந்துட்டா பூஞ்சை சேர்ந்துக்கும். மைக்ராஸ்கோப்ல பாத்தா நனைஞ்ச நியூஸ்பேப்பர கிழிச்சுப் போட்ட மாதிரி வெள்ளையா, நடுநடுவுல கறுப்புப் புள்ளியா இருக்கும். இந்த நேரத்துல வீட்டுல யாராவது பூண்டு போட்டு காய்ச்சுன எண்ணெய்ய ஊத்துவாங்க, பூஞ்சைக்கு விருந்துதான். கொழந்தைங்களுக்கு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டும்போது காதுல ரெண்டு சொட்டு விட்டு, குளிச்சதும் வாயால ஊதி விடுற பழக்கமும் வேண்டாம் பாட்டி, ப்ளீஸ். எண்ணெய் உதவுற இடம்னா, உயிரோட பூச்சி ஏதாவது உள்ள போயி குடையும்போது. ஏற்கனவே செவிப்பறையில ஓட்டை இல்லாதவங்க கொஞ்சம் எண்ணெய் விட்டு அது அடங்குனதும் வந்துடுங்க, நாங்க எடுத்துக்குறோம்.

இப்ப புதுசா கேமரா வச்ச குறும்பி எடுக்குற குச்சி ஆன்லைன்ல விக்குது. போன் ஸ்கிரீன்ல பாத்துட்டே நீங்களே எடுக்கலாமாம். என்கிட்ட கேட்டா வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். ஸ்கிரீன்ல தெரியுறதுல ஆழம் தெரியாது, பக்கத்துல ஓடுற கொழந்தை கைய ஒரு தட்டு தட்டுனா போச்சு. அப்படி செவிப்பறை கிழிஞ்சாலும் பெரும்பாலும் சில வாரத்துல தானா ஆறிடும், ஆனா அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது, மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்குன சொட்டு மருந்தும் விடக்கூடாது.

பாட்டு கேக்குற இயர்பட்ஸும் இதே கதைதான். நாள் முழுக்க காதை அடைச்சு வச்சா வேர்வை வெளிய போகாது, வெளிய வர வேண்டிய குறும்பியும் உள்ளயே நிக்கும். சத்தம் இன்னொரு பக்கம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், அதே 90 ஆனா 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை மீறி பாட்டு கேக்கணும்னு வால்யூம ஏத்துறோம்ல, அங்கதான் தெரியாமலே கூடிப்போகுது. அந்த வகையில வெளிச்சத்தத்தை அடக்குற நாய்ஸ் கேன்சலிங் நல்லது, சத்தம் கம்மியா வச்சாலே கேக்கும் (ரோட்டுல நடக்குறப்ப மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் கேக்கணும்). இயர்போனே போடாம பஸ்ல ரீல்ஸ அலறவிடுறவங்க காதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆகுறது நமக்குத்தான்.

எல்லா காது அடைப்பும் குறும்பி இல்ல, இத கட்டாயம் தெரிஞ்சுக்கோங்க. தூங்கி எழுந்ததும் திடீர்னு ஒரு காது கேக்கல, கூடவே ங்ஙொய்னு இரைச்சல், சிலருக்கு தலைசுத்தல்னா அது நரம்பு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். அதுக்கு ஸ்டீராய்டு மருந்து இருக்கு, ஆனா எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்ளோ நல்லது, ரெண்டு வாரம் தாண்டுனா பலன் ரொம்ப குறைஞ்சிடும். நெறைய பேரு அழுக்கு அடைச்சிருக்கும்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டுக்கிட்டே அந்த நாளையெல்லாம் வீணடிச்சிட்டு வர்றாங்க. ஆபீஸ் லீவு போட முடியல, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளாம அன்னைக்கே வந்து ஆடியோகிராம்னு காது எவ்ளோ கேக்குதுனு பாக்குற டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, குறும்பியா இல்லையானு பாக்க எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.