ரோடு சைக்கிளில் மிச்சமாகும் பத்து நிமிஷம்

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரியில் என் வேலையிடத்துக்கு 12 கிலோமீட்டர். மூன்று வருஷம் மவுண்டன் சைக்கிளில்தான் போய்வந்தேன். மாந்தோப்பு மண் பாதையில் அது ராஜா. தார் ரோட்டில் ஏறினால் மட்டும் யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுப்பது போலிருக்கும். போன தை மாதம், தார் ரோட்டுக்கென்றே மெல்லிய டயரோடு வரும் ரோடு சைக்கிளுக்கு மாறினேன். 40 நிமிஷப் பயணம் அரை மணியாகிவிட்டது. மிதிக்கும் கால் அதேதான், ரோடும் அதேதான்.

அந்தப் பத்து நிமிஷத்தின் பெரும்பங்கு டயரில் இருந்தது. ஒரு ரப்பர் பந்தைக் கீழே போட்டால் போட்ட உயரத்துக்கு அது திரும்ப எழும்பாது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை ரப்பர் வெப்பமாக்கிவிடுகிறது. டயரும் அப்படித்தான். ரோட்டைத் தொடும் இடம் நசுங்கி, அடுத்த நொடியே விரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நம் உழைப்பில் கொஞ்சம் அங்கே சூடாகிப் போகிறது. மவுண்டன் டயரில் இருக்கும் கட்டை கட்டையான ரப்பர் பற்கள் மண்ணைக் கவ்வுவதற்காக வைத்தவை. தாரில் கவ்வ எதுவும் இல்லாமல் அவை வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும்.

ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பல் டயர் ஏறக்குறைய 10 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கும். அதாவது ஒரு கிலோ அரிசிப் பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் இருக்கும் இழுப்பு. நல்ல ரோடு டயரில் இது 4 நியூட்டன்தான். மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால், முன்னதற்கு 50 வாட் செலவு, பின்னதற்கு 20 வாட். வேலைக்குப் போகிற சாதாரண ஆள் வியர்த்துக் கொட்டாமல் மிதிப்பதே 90, 100 வாட் தான். அதில் பாதி டயருக்கே போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்தால் நம் நெஞ்சுதான் பாய்மரம். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் அந்தப் பரப்பு குறைகிறது. சாதாரண நாளில் இதில் மிச்சம் பத்து வாட் போலத்தான். ஆனால் ஆடி மாதம் சாயங்காலம் எதிர்க்காற்று 10 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், 20-ல் போகிறவருக்கு அது 30 மாதிரி. எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. அன்றைக்குக் குனிந்து போகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சைக்கிளின் எடையைப் பற்றித்தான் கடையில் அதிகம் பேசுவார்கள். சமதளத்தில் நாலைந்து கிலோ குறைவதால் பெரிய வித்தியாசம் இல்லை. மேட்டில் மட்டும் அது தெரியும்.

சரி, அப்படியானால் டயர் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயரும் மெல்லிய டயரும் ரோட்டைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அகல டயரில் அந்தப் பரப்பு அகலமாகவும் நீளம் குறைவாகவும் இருக்கும். அதனால் டயர் குறைவாகவே வளைகிறது, இழப்பும் குறைவு. இன்னொன்று, ஜல்லி பெயர்ந்த ரோட்டில் 100 பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று வைத்த 23 மில்லிமீட்டர் டயர் ஒவ்வொரு கல்லுக்கும் ஆளையே தூக்கிப் போடும். முன்னால் போக வேண்டிய ஆற்றல் மேலே போய், நம் கை, இடுப்புத் தசைகளில் வீணாகிறது. 32 மில்லிமீட்டர் டயரில் 60, 65 பிஎஸ்ஐ வைத்தால் டயரே கல்லை விழுங்கிவிடும். ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கும் நம் பக்கத்துக்கு 28-க்குக் குறைவாக வாங்கவே வேண்டாம். கடையில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கட்டாயம் பாருங்கள். சில ஃபிரேம்களில் 25-க்கு மேல் நுழையாது.

சூளகிரி பக்கம் போகிறவருக்கு மேலுமலை ஏற்றம் இருக்கிறது. அவர் பல்சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மவுண்டன் சைக்கிளில் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் போட்டால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, வண்டி 1.8 மீட்டர்தான் நகரும். ஏற்றத்துக்கு அது சுகம். ரோடு சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 25 மட்டும் இருந்தால் ஒரு மிதிக்கு 2.9 மீட்டர், முட்டி கதறிவிடும். பின்னால் 32 பல் இருந்தால் 2.3 மீட்டருக்கு இறங்கும்.

அப்புறம் வால்வு. ரோடு சைக்கிளில் பெரும்பாலும் வருவது மெல்லிய பிரெஸ்டா வால்வு. பஞ்சர் கடை அண்ணன் கம்ப்ரசர் குழாயைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம குழாய்ல உட்காராது தம்பி" என்றார். பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும். அதைச் சீட்டுப் பையில் போட்டு வைத்தால் கவலையில்லை. கேரியர், மட்கார்டு மாட்ட ஃபிரேமில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

புது சைக்கிளுக்கு இப்போது பணம் இல்லை என்றால், இருக்கிற 26 அங்குல ரிம்மிலேயே ஒன்றரை அங்குல வழுவழுப்பான டயர் போட்டு 60 பிஎஸ்ஐ காற்று வையுங்கள். அந்த 50 வாட் 30 பக்கம் இறங்கிவிடும். முதல் வருஷமே நான் இதைச் செய்திருக்க வேண்டும்.