சார்ஜ் ஏறுது: ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

பொங்கலுக்குத் தங்கச்சி குடும்பம் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் புதுக் காரில் வந்தது. பிளக்-இன் ஹைப்ரிட் வண்டி. பெட்ரோலும் போடலாம், வீட்டு பிளக்கில் மாட்டி சார்ஜும் போடலாம். கிரைண்டருக்கு என்று போட்டு வைத்திருந்த 16 ஆம்பியர் பாயின்டில் மாட்டுவதற்கு முன்னால், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் மாப்பிள்ளை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், விடிய விடிய கரண்டு ஓடினால் சூடேறி உருகிவிடும் என்றார். சரியான பேச்சு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார், "ராத்திரி பூரா கரண்டு ஏத்துனாத்தான் ஓடுமுங்களா மாப்பிள்ளை?"

அந்த "ஏத்துனா"வைப் பற்றித்தான் எழுத வந்தேன். சார்ஜ் என்பதற்குத் தமிழ் என்ன என்று தேடுகிறவர்கள், நாம் தினமும் சொல்கிற வினைச்சொல்லைக் கவனிப்பதில்லை. "போன்ல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது", "அதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுச்சு" என்கிறோம். பெயர்ச்சொல்லை மட்டும்தான் கடன் வாங்கியிருக்கிறோம், ஏறுவதும் இறங்குவதும் நம்முடையவை.

சார்ஜின் வேரைத் தோண்டினாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். லத்தீனில் கர்ருஸ் என்றால் வண்டி, அதுவும் கெல்டிய மொழிக்காரர்களிடமிருந்து லத்தீனுக்குப் போன சொல். அதிலிருந்து பிற்கால லத்தீனில் கர்ரிகாரே என்று ஒரு வினை வந்தது, வண்டியில் சுமை ஏற்றுவது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கார் என்ற சொல்லும் அதே கர்ருஸிலிருந்து வந்ததுதான். ஆகவே காரை சார்ஜ் செய்வது என்றால், வேர்ப்பொருளில், வண்டியில் பாரம் ஏற்றுவது. ராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டியை லாரியில் அடுக்குகிறவர் செய்வது எதுவோ அதுதான் முதல் சார்ஜ். (கப்பல் சரக்கைக் குறிக்கும் கார்கோவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் ஓசை ஒத்திருக்கிறது என்று நம் சரக்கை இதில் சேர்த்துவிடாதீர்கள். அது கன்னடத்திலும் சிறிய ஒலி மாற்றத்தோடு வழங்கும் தென்னாட்டுச் சொல். மழைமேகத்தைச் சொல்கிற கார் இருக்கிறதே, அதற்கும் இந்தக் காருக்கும் எந்த உறவும் இல்லை.)

சுமை என்ற இந்த ஒரு பொருள்தான் பல திசையில் போயிருக்கிறது. பணச்சுமை பஸ் சார்ஜ் ஆனது, குற்றச்சுமை சார்ஜ் ஷீட் ஆனது. தமிழிலும் குற்றத்தைச் "சுமத்துகிறோம்" என்பதைப் பாருங்கள், இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் அதிகாரி சார்ஜ் எடுத்தார் என்பதற்கு நாம் சொல்லும் "பொறுப்பேற்றார்" வேறு. அது ஏல் என்ற வினை, வாங்கிக்கொள்வது. ஏற்றுவது ஏறு என்பதன் பிறவினை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? துப்பாக்கியில் மருந்து அடைப்பதையும் சார்ஜ் என்றுதான் சொன்னார்கள். 1740களில் லேடன் ஜாடி என்று ஒரு கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கக் கற்றபோது, மருந்து அடைத்த துப்பாக்கி போல அதுவும் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெடிக்கக் காத்திருந்ததால் அதே சொல் ஒட்டிக்கொண்டது. பேட்டரியும் பீரங்கி வரிசையைக் குறித்த சொல்தான், பெஞ்சமின் பிராங்க்ளின் அதை மின்சாரத்துக்கு எடுத்தாண்டார். தமிழில் நமக்குக் கிடைத்திருப்பது மின்கலம். கலம் என்றால் பாத்திரம், கப்பலும்கூட. ஏற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்கிறதா?

சரி, ஏற்றம் என்ற சொல்லுக்கு வருவோம். கிணற்றில் தண்ணீர் இறைத்த ஏற்றத்தைப் பார்த்த பெரியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அது போய்விட்டது, சொல் போகவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தபோது தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரை மேலே தள்ள வேண்டியிருந்தது. அந்த இடங்களை யாரும் பம்பிங் ஸ்டேஷன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, நீரேற்று நிலையம் என்று பலகையே இருக்கிறது. நீரேற்று நிலையம் வாயில் வருகிறது என்றால் மின்னேற்று நிலையம் ஏன் வராது? இதே மாவட்டத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் சொல்லத் தொடங்கினால் ஒரு வருடத்தில் பழகிவிடும்.

மின்னூட்டம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஊட்டுவது அழகான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் எலக்ட்ரானுக்கு இருக்கிற பண்பைக் குறிக்க அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பண்புக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம், கருவிக்கு மின்னேற்றி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது என்பது என் கருத்து.

பிளக் என்பது டச்சுக்காரர்கள் பீப்பாய் ஓட்டையை அடைத்த தக்கை. தமிழில் செருகி, அவ்வளவுதான்.

ஹைப்ரிட்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. லத்தீனில் ஹிப்ரிடா என்றால் காட்டுப் பன்றிக்கும் வீட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. அதனால் கலப்பினம் என்கிறார்கள், மாட்டுக்கு அது சரி. விதைக்கு நம் விவசாயிகள் வீரிய ஒட்டு ரகம் என்பார்கள். ஆனால் இந்தக் காரில் எதுவும் பிறந்து கலக்கவில்லை. என்ஜின் என்ஜினாகவே இருக்கிறது, மோட்டார் மோட்டாராகவே இருக்கிறது, இரண்டும் ஒரே உடம்பில் பொருந்தி ஓடுகின்றன. எனக்கு இது சந்தூர் பக்கத்து நர்சரிகளில் கட்டுகிற மாங்கன்றைத்தான் நினைவுபடுத்துகிறது. வேர் நாட்டுச் செடி, மேலே பெங்களூரா என்ற மாம்பழ ரகம், இரண்டும் கடைசிவரை தம் குணத்தோடுதான் இருக்கும். ஒட்டுவண்டி என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒட்டிய வண்டி என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதனால் "இனம்" என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மின்னேற்றுக் கலப்பு மகிழுந்து. பேச்சில் கலப்புக் கார் போதும்.

வீட்டில் ஏற்றும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் மின்னேற்றி மணிக்கு 2.3 யூனிட் தரும். 15 யூனிட் கொள்ளும் மின்கலம் நிரம்ப ஏறக்குறைய ஏழு மணி நேரம், வழியில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 17 யூனிட் காட்டலாம். இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் இப்படி ஆறே ராத்திரியில் தீர்ந்துவிடும், அதனால் பில் எந்த அடுக்குக்குப் போகும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எல்லோரும் சேலம் போனோம். தருமபுரி தாண்டும் வரை பெட்ரோல் என்ஜின் பேசவே இல்லை. அப்புறம் தொப்பூர் கணவாய் இறக்கம். மாப்பிள்ளை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் கரண்டு உண்டாக்க, திரையில் மின்கலத்தின் அளவு மெல்லக் கூடிக்கொண்டே வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி இறங்க இறங்க கரண்டு ஏறுதுங்களா?" என்றார்.

"ஆமாங்க அத்தை, ஏறுது."