ஃபார்மேட் போட்டால் ரேம் சரியாகாது

போன வாரம் கல்யாண போட்டோகிராபர் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இருக்கிற 8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி வாங்கி அவரே மாட்டியிருக்கிறார். அதிலிருந்து டிஸ்ப்ளே இல்லை. பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர், "ஃபேன் சுத்துதுண்ணே, அப்போ ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ்தான் போயிடுச்சு" என்று தீர்ப்பு சொல்லி, ஹார்டு டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபார்மேட் போட்டுவிட்டார். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் அதே கறுப்புத் திரை. புது ரேமின் ஒரு முனை சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். அழுத்தினேன், டக்கென்று கிளிப் விழுந்தது, டிஸ்ப்ளே வந்தது. இன்னும் ஆல்பம் போடாத கல்யாணப் படங்களில் பாதியைத்தான் மீட்க முடிந்தது.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம். பிராசசர் சரியா, ரேம் படிக்கிறதா, படம் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் அது டிஸ்கில் விண்டோஸைத் தேடிப் போகும். கம்பெனி லோகோவே வரவில்லை, பயாஸுக்குள்ளும் போக முடியவில்லை என்றால் விண்டோஸின் முறை இன்னும் வரவே இல்லை. டிஸ்கில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் எல்லாம் ஒன்றுதான். நம்பிக்கை வரவில்லையா? நன்றாக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரில் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லோகோ வரும், பயாஸ் திறக்கும், பூட் ஆக எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். ஃபேன் சுற்றுவதற்கு அர்த்தம் 12 வோல்ட் வருகிறது என்பதுதான். பிராசசரே இல்லாமல் ஃபேன் சுற்றுகிற போர்டுகள் உண்டு. ஆகவே நோ டிஸ்ப்ளேக்கு ஃபார்மேட் என்று யார் சொன்னாலும், தயவுசெய்து டிஸ்கை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? கடைசியாக எதை மாற்றினீர்களோ அதைக் கழற்றி, பழையதை மாட்டிப் பாருங்கள். ஓடினால் சந்தேகப்பட வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது. ("எதுவுமே பண்ணலை சார், தானா நின்னுடுச்சு" என்பவர்களின் கேபினெட்டில் புது ஸ்க்ரூ பளபளக்கும். எங்களிடமாவது உண்மையைச் சொல்லுங்கள், கூலி மிச்சமாகும்.) கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் செய்தாலும் போர்டில் 5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

ரேம் என்றால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் காடி, அதாவது அடிப்பக்கத்தில் இருக்கும் வெட்டு, வெவ்வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அது உங்கள் ரேம் இல்லை, பலத்தைக் காட்டாதீர்கள். ஏஎம்டி பிராசசர்களுக்கான புது ஏஎம்5 போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் ஆகலாம். திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போடுகிறவர்களுக்குப் படம் கடைசிவரை வராது.

கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் இல்லை. சிரிக்காதீர்கள், இதற்காகவே ஆட்டோ பிடித்து வருகிறார்கள். பெயர் எஃப் என்று முடிகிற இன்டெல் பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டால் படம் வராது.

பிராசசர் மாற்றுகிறவர்கள் அது உட்காரும் சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இன்டெல் ஐ3-8100 பிராசசருக்கு சாக்கெட் எல்ஜிஏ1151தான், எச்110 போர்டிலும் எல்ஜிஏ1151தான், இரண்டும் சேராது. ஏஎம்டியின் பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை பிராசசர் ஓடும், ஆனால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு மாற்றுவதுதான் சுலபம். போர்டு கம்பெனியின் தளத்தில் பட்டியல் இருக்கிறது. வாங்கிய பிறகு என்னிடம் கேட்பதைவிட வாங்கும் முன் அதைப் படிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றினால் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களின் எஸ்எம்பிஎஸ் பக்க பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய கேபிள் அழகாகப் பொருந்தும், ஹார்டு டிஸ்கும் அழகாக எரியும்.

லோகோ வருகிறது, அப்புறம் பூட் டிவைஸ் இல்லை என்கிறது என்றால் கதை வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11 போடுவதற்காக பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய லெகஸி முறையில் பூட் ஆக விடும் வசதி) அணைத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். பழைய விண்டோஸ் லெகஸி முறையில் போடப்பட்டிருந்தால் அந்த நொடியிலிருந்து பூட் ஆகாது. மாற்றியதைத் திரும்ப மாற்றினால் வந்துவிடும். இங்கேயும் ஃபார்மேட் வேண்டாம்!

நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க கீ கேட்டால் பதறி எதையும் அழிக்காதீர்கள். போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ அது கேட்கலாம். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலே அது ஆன் ஆகியிருக்கும்; அப்படியென்றால் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே அதை மீட்டு, கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீ இல்லாத டிஸ்கை என்னாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று அட்வான்ஸ் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.