நகத்தில் பூசியது கண்ணிமையில் வீங்குகிறது

இமை வீங்கி வருகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது, “இரண்டு கைகளையும் நீட்டுங்கள்” என்பதுதான். சென்ற வாரம் வந்த கல்லூரி மாணவிக்கு இரு மேல் இமைகளும் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன. கழுத்தின் இரு பக்கமும் சொறிந்த தடங்கள். கண் மையை நிறுத்தியிருக்கிறார். சோப்பை மாற்றியிருக்கிறார். வீட்டில் கத்தரிக்காயையும் கருவாட்டையும் தடை செய்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. (இமையில் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவினால் கண் அழுத்தம் உயரலாம். மருத்துவர் சொல்லாமல் அந்தக் களிம்பைத் தொடவே கூடாது.) நீட்டிய கைகளில் விரலுக்கு ஒரு நிறம், அதன் மேல் பூ வேலைப்பாடு. எல்லாம் அவரே வீட்டில் கலந்தவை.

விடுமுறையிலும் கல்யாண மாதங்களிலும் இப்படி வருபவர்கள் கூடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், அந்தப் பெண் தன் கலவைகளைச் சிறு குப்பிகளில் அடைத்துத் தோழிகளுக்கு விற்கவும் தொடங்கியிருந்தார்.

நகத்தில் படம் வரைவதை நான் எதிர்க்கவில்லை. அழகான கை வேலை அது. அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் நகத்தில் இருந்த தாமரையை வரைய எத்தனை பொறுமை வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கவலையெல்லாம் குப்பிக்குள் என்ன போகிறது என்பதைப் பற்றியது. நிறமற்ற நெயில் பாலிஷில் கோலப்பொடி, குங்குமம், துணிக்கு அடிக்கும் பெயின்ட், கைவினைக் கடையில் வாங்கிய கிளிட்டர், இறுகிப்போனதை இளக்க ஹார்டுவேர் கடைத் தின்னர், பளபளப்புக்காகக் கொஞ்சம் ஜெல் பாலிஷ். இந்தப் பட்டியலை வெவ்வேறு வரிசையில் பலரிடம் கேட்டுவிட்டேன்.

“நகம் செத்த பொருள்தானே டாக்டர், அதில் எதைப் பூசினால் என்ன?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் உறுதியாகக் கேட்கிறார்கள். இந்த ஒரு எண்ணத்தை உடைத்துவிட்டால் என் வேலை பாதி முடிந்துவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் வெட்டி எறியும் நகத் தகடு உயிரற்றதுதான். கெரட்டின் என்ற புரதம் இறுகி உண்டான தகடு அது. ஆனால் அந்தத் தகட்டைச் சுற்றி உயிரற்ற இடம் ஒரு மயிரிழை அகலம்கூடக் கிடையாது. அதன் கீழே இரத்த ஓட்டமும் நரம்பும் நிறைந்த படுகை. இரு பக்கமும் நகக்கண். அடிப்பகுதியில் தோலுக்குள் புதைந்திருப்பது நகத்தை உண்டாக்கும் வேர்த்திசு. கட்டைவிரலில் வெள்ளைப் பிறைபோலத் தெரிகிறதே, அது அந்த வேர்த்திசுவின் வெளியே தெரியும் ஓரம். தோலுக்கும் தகட்டுக்கும் இடையே நீரும் கிருமியும் புகாமல் அடைத்து நிற்பது மெல்லிய நகத்தோல். அழகுக்காக முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்! வெட்டிய இடத்தில் தின்னர் கலந்த பூச்சு இறங்குகிறது, பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர் இறங்குகிறது, அடுத்து நகச்சுற்று வந்து இரவெல்லாம் விரல் தெறிக்கிறது. வேர்த்திசுவில் அழற்சி வந்தால் அதன் அடையாளம் உடனே தெரியாது. ஓரிரு மாதம் கழித்துக் குறுக்குப் பள்ளமாக வெளியே வரும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கெட்டுப்போன நகம் முழுதாக மாற ஏறத்தாழ 6 மாதம் ஆகும், கால் பெருவிரலில் ஓர் ஆண்டுக்கும் மேல்.

தகடும் கண்ணாடி அல்ல. நீர் அதில் எளிதாக ஊறும், வெளியேறும். அதனால்தான் கரையக்கூடிய சாயங்களைக் கலந்து பூசியவர்களின் நகம், பூச்சைத் துடைத்த பிறகும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நிற்கிறது. அந்தக் கறை ரிமூவருக்குப் போகாது. வளர்ந்து வெளியேறினால்தான் போகும்.

அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “அப்படியானால் விரலில்தானே அரிக்க வேண்டும், இமை ஏன்?” விரல் நுனித் தோல் தடிமனானது. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. கண்ணைக் கசக்குகிறோம், கழுத்தைச் சொறிகிறோம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படிக்கிறோம், இவற்றில் எதையும் நாம் கவனிப்பதில்லை. பூச்சு முழுதாகக் காய்வதற்குள் தொட்ட இடமெல்லாம் கொஞ்சம் ஒட்டிவிடுகிறது. கடையில் விற்கும் சாதாரண நெயில் பாலிஷிலேயே இதற்குப் பெயர்போன ஒரு பொருள் உண்டு: டோசைலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசின். அதன் ஒவ்வாமை இமையிலும் கழுத்திலும்தான் பெரும்பாலும் வெளிப்படும் என்பது எங்கள் துறையில் பழைய பாடம். நகம் மட்டும் துளிக் குறையும் இல்லாமல் பளபளக்கும்.

“மூன்று வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பதும் சமாதானம் ஆகாது. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள மாதங்களோ வருடங்களோ ஆகலாம். நினைவில் பதிந்துவிட்டால் பிறகு அது பெரும்பாலும் அழியாது.

நிறங்களுக்கு வருகிறேன். இந்தியாவில் அழகுசாதனப் பொருளில் எந்த நிறமியைச் சேர்க்கலாம் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. நிறம் சேர்த்த அழகுசாதனத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேலும், ஆர்செனிக் 2 பங்குக்கு மேலும் இருக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கோலப்பொடிக்கும் துணிப் பெயின்ட்டுக்கும் இந்த வரம்பு கிடையாது, அவை உடம்பில் பூசுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குங்குமம் நெற்றியில் வைப்பதுதானே என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் இன்று எத்தனை கடையில் கிடைக்கிறது? சாயம் ஏற்றிய குங்குமத்தால் நெற்றி கறுத்து வருபவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். நீரில் கரையும் துணிப் பெயின்ட் நெயில் பாலிஷோடு சேரவே சேராது, திரிந்து நிற்கும். போதாக்குறைக்கு அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைப் பொருட்கள் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஐஷேடோ தூளைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பூச்சு கொஞ்சம் நறநறவென்று இருக்கும், சீக்கிரம் பெயரும், அவ்வளவுதான். கைவினைக் கிளிட்டரில் சாயம் கரைந்து இறங்கும், உதிர்ந்த துகள் கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது ஜெல் பாலிஷ். இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் கலக்காதீர்கள்.

சாதாரண நெயில் பாலிஷ் காய்வது அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால். ஜெல் அப்படிக் காய்வதில்லை. விளக்கின் புற ஊதா ஒளி பட்டதும் அதிலுள்ள மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. பிணைந்து முடிந்தவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. பிணையாமல் மிஞ்சியவைதான் தோலுக்குள் புகுந்து ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. இப்போது அந்த ஜெல்லில் நீங்கள் ஒரு கரண்டி நிறத்தூளைக் கொட்டினால் என்ன ஆகும்? தூள் ஒளியை மறைக்கிறது. மேற்பரப்பு கெட்டியாகிவிடுகிறது, அடியில் பச்சையாகவே நிற்கிறது. தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். சாதாரண பாலிஷையும் ஜெல்லையும் கலந்தாலும் இதே கதை. ஒரு கம்பெனியின் ஜெல்லுக்கு வேறொரு மலிவு விளக்கைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். அந்தப் பச்சை ஜெல் நாள் முழுவதும் உங்கள் நகப் படுகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளைவு என்ன? விரல் நுனி வெடித்து எரிகிறது, நகம் படுகையை விட்டுத் தூக்கிக்கொள்கிறது, சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகிறது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2012ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக, மெத்தாக்ரிலேட்டுகளும் அடங்கிய அக்ரிலேட் குடும்பத்தை அறிவித்தது. இந்த வகையில் மிகுதியாகப் பயன்படும் ஹெமா என்ற பொருள் கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறை அழகுக்கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி கொண்டுவந்தது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் முற்றிலும் தடை செய்துவிட்டது. நம் ஊரில் பள்ளி மாணவிகள் ஜெல் பெட்டியை இணையத்தில் வாங்கிப் படுக்கையறையில் கலக்கிறார்கள். இந்த ஒவ்வாமை நகத்தோடு முடிவதும் இல்லை. பல் அடைக்கும்போது பயன்படுத்தும் ஒட்டுப்பொருளிலும் ஹெமா இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் எலும்பு சிமென்ட்டும் இதே மெத்தாக்ரிலேட் குடும்பம். இருபது வயதில் ஒரு நிறத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமையை அறுபது வயதிலும் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கையுறை போட்டேன் என்பார்கள். மெல்லிய ரப்பர் கையுறையை மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

தின்னரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது மரச்சாமானுக்கும் இரும்புக் கதவுக்கும் உரியது. அதை ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் திறந்து வைத்து முகர்ந்துகொண்டிருந்தால் தலை சுற்றத்தான் செய்யும். தீயைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோனின் ஆவி −20 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சாயங்காலம் கூடத்தில் விளக்கேற்றிய பிறகு அதே தரையில் உட்கார்ந்து ரிமூவரைத் திறக்காதீர்கள். ஊதுபத்தி, கொசுவத்தி, அடுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கல் ஒட்டுவதற்கான நகப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் புகை வருமளவுக்குச் சூடேறித் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். சிந்தினால் குளிர்ந்த நீரை நிறைய ஊற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்த்து இழுக்காதீர்கள். இந்தப் பசை குழந்தை கைக்கு எட்டவே கூடாது.

கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரே கம்பெனியின் இரண்டு சாதாரண நெயில் பாலிஷ்களைக் கலந்துகொள்ளுங்கள். நீலத்தோடு வெள்ளை, சிவப்போடு பொன்னிறம் என்று அதிலேயே எத்தனையோ நிறம் பிறக்கும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் அலுமினியத் தாளில் ஊற்றிப் பல்குச்சியால் கலக்குங்கள். குப்பிக்குள் ஒன்றையும் கொட்டாதீர்கள். இறுகிப்போயிருந்தால் நெயில் பாலிஷுக்கென்றே விற்கும் இளக்கியில் இரண்டு சொட்டு போதும். முதலில் பேஸ் கோட், கறை பிடிக்காமல் காப்பது அதுதான். தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டராவது தள்ளிப் பூசுங்கள், வழிந்தால் உடனே துடையுங்கள். நகத்தோலை வெட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, முழுதாகக் காயும் வரை முகத்தில் கை வைக்காதீர்கள். எடுக்கும்போது பஞ்சை ரிமூவரில் நனைத்துச் சற்று நேரம் வைத்து எடுங்கள். சுரண்டினால் தகடும் சேர்ந்து உரியும். கறுப்பு நிறம் வேண்டும் என்று மருதாணியில் தலைச் சாயத்தைக் கலக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தலைச் சாயத்திலுள்ள பிபிடி என்ற சாயப்பொருள் கை முழுவதும் கொப்புளம் போடவைக்கும்.

நகம் பச்சையாகத் தெரிந்தால் அதன் மேல் கருநீலம் பூசி மறைக்காதீர்கள். தூக்கிய நகத்தின் அடியில் ஈரம் தங்கி சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்வதால் வரும் பச்சை அது. மறைத்தால் பெருகும். மருத்துவமனைக்கு எந்த நோய்க்காகப் போனாலும் நகப்பூச்சை எடுத்துவிட்டுப் போங்கள். இரத்தச் சோகையையும் நீலம் பாய்வதையும் நாங்கள் நகத்தில்தான் தேடுகிறோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் அடர்ந்த நிறத்தின் ஊடே தவறாகக் காட்டலாம்.

விற்கும் பிள்ளைகளே, உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இதைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். வரைந்து தருவதற்குக் காசு வாங்குங்கள், குப்பியை விற்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எதை எதைக் கலந்தீர்கள் என்பதை வாங்கியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

இமையோ கழுத்தோ அரிக்கத் தொடங்கினால் பூச்சை அன்றே நிறுத்துங்கள். நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில வாரங்கள் ஆகலாம். தோல் மருத்துவரிடம் வரும்போது எல்லாக் குப்பிகளையும், கலந்த தூள்களையும், அவற்றின் அட்டைப் பெட்டிகளையும் எடுத்து வாருங்கள். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு ஒட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து, 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையக்கூடாது, முதுகில் ஸ்டீராய்டு களிம்பும் தடவியிருக்கக்கூடாது. பயத்தில் குப்பிகளைக் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தால், எந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எங்களால் ஊகிக்க மட்டுமே முடியும்.