பாலம் கட்டியாச்சு, லாரி ஏன் நிற்கிறது?

ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் 8 நாடுகள். சுரங்கத்துக்கு வேண்டிய இயந்திரமும் சரி, கடையில் விற்கும் சோப்பும் சரி, பெரும்பாலும் பக்கத்து நாட்டுச் சாலையில்தான் வந்து சேர வேண்டும். இந்தப் பாதைகளில் சரக்கு அனுப்புவதுதான் என் வேலை. புதிதாக இந்த வியாபாரத்தில் இறங்குகிறவர்கள் முதலில் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். பேப்பர் தயாரா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் சந்திக்கும் கசுங்குலாவில் முன்பு மிதவைப் படகுதான். ஒரு நேரத்தில் ஓரிரு லாரிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஜாம்பேசி ஆற்றைக் கடக்கும். கரையில் நாள்கணக்கில் வரிசை நிற்கும். 2003இல் அதிக பாரம் ஏற்றிய லாரியால் படகு கவிழ்ந்து 18 பேர் இறந்தார்கள். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். ஜிம்பாப்வே எல்லையைத் தொடாமலிருக்க அதை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஆற்றைக் கடக்க நிமிடங்கள் போதும்.

அப்புறமும் லாரிகள் நிற்கின்றன. பெரும்பாலும் எல்லையில் உள்ள சுங்க அலுவலக முற்றத்தில்.

நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது: தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜாம்பியாவின் சுரங்க நகரமான கிட்வேக்குப் போகும் சரக்கு. இன்வாய்ஸில் 'உதிரி பாகங்கள்' என்று ஒரே வரி. பெட்டிக்குள் பம்ப், பேரிங், ரப்பர் பெல்ட் மூன்றும் இருக்கும். பொருளை வகைப்படுத்தச் சுங்கத்தில் பயன்படுத்தும் எண்தான் எச்.எஸ். கோடு. பம்புக்கு அது 8413, பேரிங்குக்கு 8482, பெல்ட்டுக்கு 4010. வரியைக் கணக்கிட அதிகாரிக்கு இது தெரிந்தாக வேண்டும். இன்வாய்ஸில் அந்த விவரம் இல்லாததால் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார். பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எடையும் எடைமேடை காட்டும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு சுற்று. சரக்குக்குச் சொந்தக்காரர் ஊரில் தூங்குவார். டிரைவர் டிரெய்லருக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு காத்திருப்பார். லாரி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். கடைசியில் அது அந்தப் பம்பின் விலையில்தான் போய்ச் சேரும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஜாம்பியாவில் லாரி எல்லைக்கு வருமுன்பே சுங்கப் பதிவைக் கணினியில் போட்டு, வரியும் கட்டிவிடலாம். ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் உள்ள சிருண்டுவில் 2009 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் முதல் ஒரே நிறுத்த எல்லைச்சாவடி தொடங்கியது. வடக்கே போகும் வண்டிக்கு ஜாம்பியா பக்கத்தில், தெற்கே போகும் வண்டிக்கு ஜிம்பாப்வே பக்கத்தில், இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் சோதிப்பார்கள். கசுங்குலாவிலும் இதே முறைதான். ஆனால் பேப்பர் முன்கூட்டியே போகாவிட்டால் இந்த ஏற்பாட்டின் பலன் பாதிகூடக் கிடைக்காது.

தலையில் மூட்டை சுமந்து எல்லை கடக்கும் சிறு வியாபாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் ஏராளமானோர் பெண்கள். ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி எல்லைகளில் கோமேசா எனும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பின் எளிய வர்த்தக முறை அவர்களுக்காகவே இருக்கிறது. குறைந்த மதிப்புள்ள சரக்கு, பட்டியலில் உள்ள பொருள் என்றால் ஒரு எளிய படிவம் போதும். அந்தக் கூட்டமைப்பு நாட்டிலேயே விளைந்தது அல்லது செய்தது என்றால் சுங்க வரியும் இல்லை. இது தெரியாமல் இடைத்தரகருக்குக் காசு கொடுப்பவர்களையும், இரவில் ஒற்றையடிப் பாதையில் போய்ச் சரக்கைப் பறிகொடுப்பவர்களையும் நினைத்தால் மனசு கேட்கவில்லை. எல்லையில் வர்த்தகத் தகவல் மேசை இருந்தால் முதலில் அங்கே போகச் சொல்லுங்கள்.

பெரிய சரக்கு அனுப்புகிறவர்கள் லாரி கிளம்புமுன் சுங்க வேலையைப் பார்க்கும் ஏஜென்டிடம் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: சுங்கப் பதிவு எண், வரி கட்டிய ரசீது. இரண்டும் கைக்கு வரும்வரை லோடு ஏற்றச் சொல்லாதீர்கள்.