குழந்தைக்கு சால்மன்: உப்பு கடையிலேயே முடிவாகிவிடுகிறது

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. அவர்களிடமிருந்து உணவு ஆலோசனைக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி சொல்வது இது: "மேடம், மீனை வாயில வச்சதும் துப்பிடுறான்."

ஒன்றரை வயதுக் குழந்தையின் அம்மா ஒருவர், தான் வாங்கிய சால்மன் பாக்கெட்டின் படத்தைக் காட்டினார். 'அமகுச்சி' என்று போட்டிருந்தது. "அமான்னா இனிப்புதானே? உப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அது உப்பு போட்ட மீன். உப்பிட்ட வகைகளிலேயே உப்பு குறைந்தது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

ஜப்பானியக் கடைகளில் ஷியோசாகே (உப்பிட்ட சால்மன்), நமசாகே (உப்பிடாத சால்மன்) இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 100 கிராம் ஷியோசாகேயில் சுமார் 1.8 கிராம் உப்பு, நமசாகேயில் வெறும் 0.2 கிராம். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராம் உப்புதான் உச்சவரம்பு என்கிறது பிரிட்டனின் பொதுச் சுகாதாரப் பரிந்துரை. 30 கிராம் ஷியோசாகே கொடுத்தாலே அதில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால் நமசாகே கேட்டு வாங்குங்கள். 'நம' என்றால் உப்பிடாதது என்றுதான் இங்கே பொருள்; பச்சையாகச் சாப்பிடலாம் என்பதல்ல. அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம், முழுக்க வேக வேண்டும்.

குழந்தை துப்புவதற்குக் காரணம் மீனின் வறட்சி. இரண்டாவது கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் இரண்டு வயதையொட்டித்தான் முளைக்கும். உலர்ந்த மீன்துகளை அரைக்க முடியாமல் குழந்தை வெளியே தள்ளுகிறது. நாம் அதை 'மீன் பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோவில் சான்சான்யாகி என்றொரு உணவு உண்டு. சால்மன், முட்டைக்கோஸ், வெங்காயம், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), வெண்ணெய். மீனவர்களின் சமையல். அதையே சின்னப் பொட்டலமாக ஃபாயிலில் சுடுவதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். 30 கிராம் மீனை விரலால் தடவி முள்ளை எடுங்கள்; அந்த முட்கள் ஒரே வரிசையில் இருக்கும், தடவினால் தட்டுப்படும். கடாகுரிகோ, அதாவது உருளைக்கிழங்கு மாவு, அரை டீஸ்பூன் தூவுங்கள். மீனின் ஈரம் வெளியேறாமல் காப்பது அதுதான், விட்டுவிடாதீர்கள். ஃபாயிலில் குக்கிங் ஷீட் (ஒட்டாத சமையல் காகிதம்) விரித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், முட்டைக்கோஸ், மேலே மீன், துளி வெண்ணெய். ஒரு ஸ்பூன் தண்ணீரில் கால் டீஸ்பூன் மிசோ கரைத்து ஊற்றுங்கள். மிசோவின் உப்பு 0.2 கிராம்தான் வரும். நன்றாக மூடி, 200 டிகிரி ஓவனில் 15 நிமிடம். ஓவன் இல்லையா? வாணலியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தை வைத்து மூடினாலும் சரி. ஷிமேஜி, எனோகி காளான்களைப் பெரியவர்கள் பொட்டலத்தில் மட்டும் போடுங்கள். குழந்தையால் அவற்றை மெல்ல முடியாது.

பொட்டலத்தைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்துப் பிரியுங்கள், ஆவி சுடும். ஆறியதும் விரலால்தான் உதிர்க்க வேண்டும். ஃபோர்க் முள்ளைக் காட்டிக்கொடுக்காது. சால்மன் இதுதான் முதல் முறை என்றால், மருத்துவமனை திறந்திருக்கும் வேலைநாள் காலையில் ஒரு ஸ்பூன் மட்டும். தடிப்போ வாந்தியோ வந்தால் உடனே காட்ட முடியும்.

பெரியவர்களுக்கும் இதே ஓவனில் தனிப் பொட்டலங்கள் வைத்துவிடலாம். உப்பு போதவில்லை என்பவர் தன் தட்டில் மட்டும் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளட்டும்.